பாயில் சிலர், நாற்காலியில் சிலர்

கோடை ஓவிய வகுப்பில் சேர வரும் பெரியவர்களிடம் நான் முதலில் கேட்பது, அவர்கள் கடைசியாக எப்போது வரைந்தார்கள் என்பதைத்தான். சற்று யோசித்துவிட்டுப் பெரும்பாலானோர் ஒரே விடையைத் தருகிறார்கள்: பிளஸ் டூ தாவரவியல் ரெக்கார்டு நோட்டு. செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம், ஒரு தண்டின் குறுக்குவெட்டு, ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள், வலப்பக்கம் வரிசையாக எழுதிய பாகங்களின் பெயர்கள். அந்தப் படங்களைக்கூட அவர்களில் பலர் பூவைப் பார்த்து வரையவில்லை. முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டையோ பாடநூலையோ பார்த்துத்தான் வரைந்தார்கள். உயர்நிலை வகுப்புக்கு வந்ததும் ஓவியப் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொண்டுவிட, அதற்குப் பிறகு இருபது முப்பது ஆண்டுகளாக அவர்கள் கை எழுதுவதற்கும் கையெழுத்திடுவதற்கும் மட்டுமே பழகியிருக்கிறது.

பதின்வயதினரிடம் இதே கேள்வியைக் கேட்டால் "நேற்று ராத்திரி" என்று பதில் வருகிறது. செல்பேசியில் ஒரு நடிகரின் புகைப்படத்தைத் திறந்து வைத்து, தாளில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றி, டிஷ்யூ தாளால் தேய்த்துத் தேய்த்து நிழலை மெருகேற்றியிருப்பார்கள். ஜப்பானிய மாங்கா முகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவர்களும் உண்டு. அவர்களுடைய கைப்பதத்தையும் பொறுமையையும் நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஆனால் எதிரே ஒரு பித்தளைச் செம்பை வைத்து, "இதை வரை" என்றால் பென்சில் தயங்கி நின்றுவிடுகிறது. தட்டையான திரையில் இருப்பதைத் தட்டையான தாளுக்கு மாற்றப் பழகிய கண்ணுக்கு, பருமன் உள்ள ஒரு பொருளை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிவதில்லை.

இரு தரப்புக்கும் தேவைப்படுவது ஒன்றே, எதிரே இருப்பதைப் பார்த்து வரையும் பழக்கம், என்பதால்தான் கும்பகோணத்தில் நான் நடத்தும் கோடை வகுப்பில் பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் அறுபதைக் கடந்தவர்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறேன். இதை எதிர்ப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். தங்கள் பிள்ளையின் வேகத்தைப் பெரியவர்கள் இழுத்துப் பிடித்துவிடுவார்கள் என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். பேரன் வயதுப் பையன்களின் முன்னால் கோணல்மாணலாக வரைவதற்குப் பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். இரண்டு கவலைகளிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும், வயது வாரியாகப் பிரித்து நடத்தும் வகுப்பில் கிடைக்காத ஒன்று இந்தக் கலப்பில் கிடைப்பதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

டபரா டம்ளரிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊரில் இது இல்லாத வீடு இல்லை. வரைவதற்கு இதைவிட எளிமையாகத் தோன்றி இதைவிடக் கடினமாக மாறும் பொருளும் இல்லை. அறையின் நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் டபராவுக்குள் நிற்கும் டம்ளர். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் சுற்றிலும் நாற்காலிகளில் அமர்கிறார்கள். இளையவர்கள் பாயில் அமர்கிறார்கள். முதல் நாள் வரையும் படங்களில் அனேகமாக எல்லோரும் ஒரே வகையில்தான் வரைந்திருப்பார்கள்: டம்ளரின் வாய் முழு வட்டமாக இருக்கும், அடிப்பாகம் ஸ்கேல் வைத்ததுபோல் நேர்கோடாக இருக்கும். வாய் வட்டமானது என்று மனதுக்குத் தெரியும். டம்ளர் தட்டையான இடத்தில் நிற்கிறது என்பதும் தெரியும். கண் என்ன சொல்கிறது என்று கேட்காமலே கை தெரிந்ததை எழுதிவிடுகிறது. ரெக்கார்டு நோட்டில் வரைந்தவரும் மாங்கா வரைபவரும் இந்த இடத்தில் ஒரே படியில் நிற்கிறார்கள்.

அப்போது நான் திருத்துவதில்லை. பாயில் இருப்பவர்களை நாற்காலிக்கும், நாற்காலியில் இருப்பவர்களில் முடிந்தவர்களை ஒரு தாழ்ந்த மணைக்கும் மாறச் சொல்கிறேன். பாயில் உட்காரும்போது கண், டம்ளரின் விளிம்புக்குச் சற்று மேலே மட்டுமே இருக்கிறது. ஆகவே வாய் மிகக் குறுகிய நீள்வட்டமாக, ஏறக்குறைய ஒரு தடித்த கோடாகத் தெரிகிறது. நாற்காலியில் ஏறியதும் அதே வாய் அகன்று திறக்கிறது. கண்மட்டத்திலிருந்து ஒரு வட்டம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு அது அகலமாகத் தெரியும் என்பதால், டம்ளரின் வாயைவிட அதன் அடிப்பக்க வளைவும், அதற்கும் கீழே இருக்கும் டபராவின் வளைவும் இன்னும் உருண்டு நிற்கும். இந்த விதியைக் கரும்பலகையில் இரண்டு நிமிடத்தில் எழுதிப் போட்டுவிடலாம். ஆனால் இடம் மாறி உட்கார்ந்த பிறகு, பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவருடைய தாளைப் பார்த்து, "சார், நீங்க வரைஞ்சது தப்புன்னு நெனைச்சேன், இங்கேருந்து பார்த்தா அப்படித்தான் இருக்கு" என்று சொன்னதைக் கரும்பலகை கொண்டுவந்திருக்காது. அவரும் குனிந்து அவன் தாளைப் பார்த்து, "தம்பி, உனக்கு டபராவே தெரியலையோன்னு இருந்தேன்" என்றார்.

உயரம் வேறு, இடம் வேறு என்பதால் இந்த அறையில் எந்த இரண்டு படமும் ஒன்றுபோல இருக்க முடியாது. அதனாலேயே, யார் படம் நன்றாக வந்திருக்கிறது என்ற ஒப்பீடு மெல்ல வலுவிழக்கிறது. அடுத்தவர் தாளைச் சரியா தவறா என்று சொல்ல வேண்டுமானால், எழுந்து போய் அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். இதை வகுப்பின் ஒரே கட்டாய விதியாகவே வைத்திருக்கிறேன். எல்லோரும் ஒரே வயதினராக, ஒரே உயரத்தில், ஒரே வரிசையில் இருந்தால் இந்தப் பாடத்தை இவ்வளவு எளிதாக நடத்த முடியாது.

முதல் வாரத்தில் ரப்பர் கிடையாது. பிள்ளைகள் இதற்கு உடனே முகம் சுளிக்கிறார்கள், பெரியவர்கள் பயப்படுகிறார்கள். தவறான கோட்டை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே அடுத்த கோட்டைப் போடும்போது, முதல் கோடு எவ்வளவு விலகியிருந்தது என்பதை அளக்க ஓர் ஆதாரம் கிடைக்கிறது. அழித்துவிட்டால் அந்த ஆதாரமும் போய்விடுகிறது. மறுபடியும் அதே இடத்தில் அதே தவறு விழுகிறது. HB பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டு 2B, 4B, 6B மூன்றை மட்டும் கொண்டுவரச் சொல்வதும் இதற்காகத்தான். கடினமான பென்சில் தாளில் பள்ளம் போடும். மென்மையான பென்சிலை லேசாகப் பிடித்தால் பத்துக் கோடு போட்ட பிறகும் தாள் தாளாகவே இருக்கும்.

அடுத்து நான் கற்பிப்பது இடைவெளி. ஒரு மர நாற்காலியை வரையச் சொல்லாமல், அதன் கால்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் நடுவில் தெரியும் வெற்றிடங்களை மட்டும் வரையச் சொல்கிறேன். அந்த வெற்றிடங்களுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அவற்றைப் பற்றி மனதில் முன்கூட்டியே ஒரு வடிவமும் இல்லை. பார்த்துத்தான் ஆக வேண்டும். வெற்றிடங்கள் அனைத்தும் சரியாக அமைந்ததும், யாரும் வரையாத நாற்காலி தாளில் நிற்கிறது.

இந்தப் பயிற்சியில் எல்லோரையும் முந்துபவர்கள் யார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. "எனக்கு ஒரு கோடு கூட நேரா வராது, சும்மா பொழுதுபோகத்தான் வந்தேன்" என்று சொல்லிச் சேரும் இல்லத்தரசிகள்தான் அவர்கள். பதினைந்து புள்ளி நேர்ப்புள்ளிக் கோலத்தை எந்த அளவுகோலும் இல்லாமல், குனிந்த நிலையில், பின்னால் நகர்ந்துகொண்டே போடுகிறவர்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் சம தூரம் விடுவது, சிக்குக் கோலத்தில் ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வழியை முன்கூட்டியே காண்பது, இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் சோதிப்பது – இவை மூன்றுமே ஓவியக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் பாடுபட்டுப் பழகும் திறன்கள். கட்டம் போடாமல் வரையவே தெரியாத பிள்ளைகள், அந்த அம்மாக்கள் வெறும் கண்ணால் தாளை நான்காகப் பிரிப்பதைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள். "ஆன்ட்டி, எப்படிப் பிரிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்க, அந்த அம்மா தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் புள்ளி வைத்துக் காட்டத் தொடங்கினார். அன்றைக்கு நான் தயாரித்து வைத்திருந்த பாடத்தை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். இருவருக்கும் தேவையானது நடந்துகொண்டிருந்தது.

தங்களுக்கு வயதாகிவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் கோபுலுவைப் பற்றிச் சொல்வதுண்டு. தஞ்சை மண்ணில் 1924-இல் பிறந்து, கும்பகோணத்திலேயே ஓவியம் பயின்று, விகடனில் ஒரு தலைமுறையின் சிரிப்பைக் கோடுகளாகப் போட்ட அவருக்கு முதுமையில் பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தது. அதற்குப் பிறகு இடது கையால் வரையப் பழகி அவர் வரைந்துகொண்டே இருந்தார்; 2015-இல் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். இதை ஊக்கப் பேச்சாக நான் சொல்வதில்லை. பார்க்கத் தெரிந்தவருக்கு எந்தக் கையாலும் வரையப் பழகிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. சொன்ன கையோடு எல்லோரையும், நான் உட்பட, ஒரு மாங்கொத்தை இடது கையால் வரைய வைக்கிறேன். தேர்ந்த கையும் தேராத கையும் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சமமாகிவிடுகின்றன. பதின்வயதினரின் மெருகு காணாமல் போய், கோட்டில் தேடல் தெரியத் தொடங்குகிறது.

கை ஓரளவு பழகியதும் தாராசுரத்துக்குப் போகிறோம். கும்பகோணத்தை ஒட்டியே இருப்பதால் விடியற்காலையில் சைக்கிளிலேயே வந்துவிடும் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் அது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1987-இலேயே இடம்பெற்றிருந்த தஞ்சைப் பெரிய கோயிலோடு 2004-இல் இதுவும் சேர்க்கப்பட்டது. ஆனால் மே மாதத்தில் அங்கே போவதற்கு எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நம் ஊர் ஏறத்தாழ 11 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சியில் நிற்கிறது. அதற்குப் பிறகு உச்சியைத் தாண்டி வடக்கே சாய்கிறது. மே நடுவில் சூரியன் உதிப்பதும் வடகிழக்கே, நடுப்பகலில் நிற்பதும் சற்று வடக்கே. மார்கழியில் நேர் வெயிலைக் காணாத வடக்குச் சுவர்கள் அப்போது ஒளியில் குளிக்கின்றன. தெற்குச் சுவர்களோ நாள் முழுவதும் நிழலில், தரையிலிருந்து எதிரொளிக்கும் மென்மையான வெளிச்சத்தில் இருக்கின்றன. உட்கார இதமான நிழலும் அந்தப் பக்கமே. கத்திரி வெயிலில் வெளிப்புற ஓவியமா என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்: காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் வேலையை முடித்துக்கொண்டால், குளிர்காலத்தில் கிடைக்காத ஒளி அப்போது கிடைக்கிறது. பத்து மணிக்கு மேல் நிழல்கள் சிலைகளின் காலடிக்குள் ஒடுங்கிவிடுகின்றன; கல் வெளுத்துப் புடைப்பே தெரியாமல் போகிறது; தரையும் காலை வைக்க விடாது.

தெற்கே நீண்டு நிற்கும் முன்மண்டபம், குதிரைகள் இழுக்கும் தேர்போலச் சக்கரத்தோடு அமைக்கப்பட்டது. அந்தச் சக்கரத்தை நேர் எதிரே நின்று வரைவதற்கு யாரையும் நான் அனுமதிப்பதில்லை. ஓரமாகத் தள்ளி உட்காரச் சொல்கிறேன். அப்போது சக்கரம் நெட்டையாக நிற்கும் நீள்வட்டமாகிவிடுகிறது. பாயிலும் நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்த டம்ளரின் வாய்தான் இது, நிமிர்ந்து நிற்கிறது என்பதைச் சிலர் தாமாகவே கண்டுகொள்கிறார்கள்; கண்டதும் முகம் மலர்ந்து என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆசிரியர் வேலையில் நான் விரும்பிக் காத்திருப்பது அந்தப் பார்வைக்காகத்தான்.

அதே கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. ரிஷப குஞ்சரம் என்பார்கள். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை. மறுபக்கத்தை மறைத்தால் காளை. காளையின் திமிலும் கொம்பும் எங்கே முடிகின்றன, யானையின் தந்தமும் துதிக்கையும் எங்கே தொடங்குகின்றன என்று தேடி வரையும்போது, ஒரே கோடு இரண்டு வேலை செய்கிறது என்பது விரலுக்குத் தெரிகிறது. பக்கத்தில் நின்று செல்பேசியில் படமெடுப்பவர்கள் அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். வரைபவர்கள் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்கிறார்கள். நம் கோயில் சிற்பங்களை அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்து கோட்டோவியமாக்கிய ஓவியர் சில்பி அவர்கள், எத்தனை மணி நேரம் கல் தரையில் கழித்திருப்பார் என்பது பிள்ளைகளுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

வண்ணத்துக்கு வந்தால் வெயில் தன் வேலையைக் காட்டும். நீர்வண்ணத்தில் ஒரு வானத்தைச் சமமாகப் பரப்ப வேண்டுமானால், பலகையைச் சற்றுச் சாய்த்து, தூரிகை இழுத்த வரியின் கீழ் விளிம்பில் தேங்கும் ஈரத்தை அடுத்தடுத்த வரிக்கு இழுத்துவர வேண்டும். மே மாதத்தில் அந்த ஈரம் அடுத்த வரிக்கு வருவதற்குள் காய்ந்து, ஓரம் கட்டிக்கொண்டு நிற்கிறது. மின்விசிறி ஓடினால் கேட்கவே வேண்டாம். ஆகவே வண்ணம் பரப்பும் சில நிமிடங்களுக்கு விசிறியை நிறுத்திவிடுகிறோம்; தாளை முன்கூட்டியே நனைத்து வைக்கிறோம்; வண்ணத்தைத் தேவைக்கு மேலேயே கரைத்துக்கொள்கிறோம். நடுவில் கரைக்கப் போனால் அந்த வானம் போயிற்று. தாள் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கெஞ்சுவேன். பள்ளிக்கூட ஓவிய நோட்டின் தாள் ஈரம் பட்டதும் அலை அலையாகச் சுருள்கிறது; 300 ஜிஎஸ்எம் எடையுள்ள தடித்த தாள் அசையாது. விலை அதிகம் என்றால் ஒரு பெரிய தாளை எட்டாகக் கிழித்துச் சிறிதாக வரையலாம்.

வண்ணங்களில் முதலில் இரண்டே இரண்டு: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு. இந்த இரண்டையும் கலந்தால் நீலம் மிகுந்த குளிர்ந்த சாம்பலிலிருந்து செம்மை மிகுந்த வெதுவெதுப்பான சாம்பல் வரை ஒரு முழு வரிசை கிடைக்கிறது. தாராசுரத்துக் கல்லுக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. இந்த இடத்தில் பெரியவர்களும் பிள்ளைகளும் மறுபடி இரண்டாகப் பிரிகிறார்கள். பெரியவர்கள் வண்ணத்தை வீணாக்க அஞ்சி, தூரிகை நுனியில் துளியளவு எடுத்து, வெளிறிய படத்தை உருவாக்குகிறார்கள். பிள்ளைகள் துணிச்சலாக அள்ளி வைத்துவிட்டு, காய்வதற்குள் மேலும் மேலும் தொட்டுச் சேறாக்குகிறார்கள். ஒரு பெரியவரையும் ஒரு பிள்ளையையும் அருகருகே அமர்த்தினால், நான் ஒன்றும் சொல்லாமலே சில நாட்களில் ஒருவருக்குத் துணிச்சலும் மற்றவருக்குப் பொறுமையும் தொற்றிக்கொள்கின்றன.

கட்டடக் கலை நுழைவுத் தேர்வுக்காக வரும் பிளஸ் டூ மாணவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டா தேர்வுக்கு இத்தனை வாரத்தில் தயாராக்கிவிடுவீர்களா என்பதுதான் அவர்களுடைய பெற்றோரின் முதல் கேள்வி. தேர்வுக்கென்று தனிப் பயிற்சி நான் தருவதில்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். கண்மட்டம், விகிதம், ஒளியின் திசை ஆகிய மூன்றும் கைவந்தால் தேர்வில் எந்தப் பொருளை வரையச் சொன்னாலும் வரையலாம். மனப்பாடம் செய்த படங்கள் இரண்டு கேள்விகளுக்கு மேல் உதவாது. சிலர் இதைக் கேட்டுவிட்டு வேறிடம் தேடிப் போகிறார்கள். அது அவர்கள் உரிமை.

வகுப்பின் முடிவில் கண்காட்சி வைக்கச் சொல்லி எல்லா ஆண்டும் கேட்கிறார்கள். சட்டமிட்டு மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆசை வகுப்பின் கடைசி வாரத்தை அப்படியே விழுங்கிவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் முதல் நாள் டம்ளரிலிருந்து கடைசி நாள் சக்கரம் வரை தங்கள் தாள்கள் அனைத்தையும், கிழிக்காமல் அழிக்காமல், தேதி வாரியாகத் தரையில் பரப்புகிறார்கள். வீட்டாரும் வந்து பார்க்கிறார்கள். எந்தப் படத்தின் அருகிலும் பரிசுச் சீட்டு கிடையாது. பார்ப்பவர்கள் "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகரக் கூடாது, எந்தத் தாளில் எது மாறியிருக்கிறது என்று ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் எல்லோரும் திணறுகிறார்கள். பிறகு பாட்டிகளும் தம்பி தங்கைகளும் குனிந்து, இரண்டு தாள்களை மாறி மாறிப் பார்த்து, சுட்டிக்காட்டத் தொடங்குகிறார்கள்.

பள்ளி திறந்துவிட்டால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு டியூஷன் தொடங்கிவிடும். தொடர விரும்புபவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகாமகக் குளக்கரையில் கூடுகிறோம். கட்டணம் இல்லை, பாடமும் இல்லை. குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவரவர் வரைய வேண்டியதுதான். படியில் உட்கார முடியாதவர்கள் மட்டும் ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவரவும்.